கண்காணிப்பில் வைக்கப்பட்ட நோயாளியின் கணக்கு

நம் அங்கத்தினர் இல்லங்களிலிருந்து படித்து வெளியேறிய பிள்ளைகளிற் சிலர், இன்று சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அமர்ந்து, அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கணக்குகளுக்குக் குறியீடு எழுதும் தொழிலைச் செய்து வருகின்றனர். மாதந்தோறும் பணம் வருகிறது, வேலை இன்னதென்றுதான் விளங்கவில்லை என்று பெற்றோர் கூறக் கேட்கிறோம். அவ்வேலையின் ஒரு பகுதியை, அதிலும் ஒரு முதியவரின் சேமிப்பைக் காக்கவும் கரைக்கவும் வல்ல பகுதியை, இங்கு விளக்க முற்படுகிறோம்.

அமெரிக்காவில் 65 வயது நிறைந்தோருக்கு மெடிக்கேர் என்னும் அரசாங்க இன்ஷூரன்ஸ் உண்டு. அதற்குரிய சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் 1965 ஜூலை 30-ஆம் தேதி கையொப்பமிட்டார். ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்க்கப்பட்டவரின் செலவை அதன் 'ஏ' பகுதி ஏற்கிறது. வைத்தியர் கட்டணமும் புறநோயாளிச் சிகிச்சையும் 'பி' பகுதியைச் சேர்ந்தவை.

மார்வலி என்றோ மயக்கம் என்றோ வருபவரைச் சேர்த்துக்கொள்வதா, வீட்டிற்கு அனுப்புவதா என்று வைத்தியர் உடனே துணிய இயலாதபோது, சில மணி நேரம் வைத்திருந்து பார்ப்பர். இதுவே கண்காணிப்பு. நோயாளி கட்டிலில் படுத்திருப்பார், தாதி வந்து நாடி பார்ப்பார், உணவும் வரும். ஆயினும் சட்டத்தின் கண்ணில் அவர் புறநோயாளியே. ஒரே தறியில் ஒருவரே நெய்த சேலையாயினும், சங்க நூலில் நெய்ததா, சொந்த நூலில் நெய்ததா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறுவதை நாம் அறிவோம். அங்கும் கட்டில் ஒன்றே; ஏட்டில் எழுதும் சொல்தான் வேறு.

அச்சொல்லின் விளைவை ஓர் உதாரணத்தாற் காண்போம். கீழே விழுந்து இடுப்பில் அடிபட்ட மூதாட்டி ஒருவர் மூன்று இரவுகள் ஆஸ்பத்திரியில் தங்கிய பின், நடை பழகுவதற்காகத் தாதியர் பராமரிப்பு இல்லம் ஒன்றிற்குச் செல்கிறார் என்று கொள்வோம். தொடர்ந்து 3 நாள் உள்நோயாளியாக இருந்திருப்பின், மெடிக்கேர் அவ்வில்லச் செலவை முதல் 20 நாளுக்கு முழுமையாகவும், பின்னர் 100-ஆம் நாள் வரை ஒரு பங்கை அவர் செலுத்த எஞ்சியதையும் ஏற்கும். (சேர்ந்த நாள் கணக்கில் உண்டு, வெளியேறும் நாள் இல்லை.) அம்மூன்று நாளும் கண்காணிப்பு என்று எழுதப்பட்டிருப்பின், இல்லச் செலவு முழுவதும் அம்மையார் தலையில் விழும். ஆஸ்பத்திரியில் உட்கொண்ட வழக்கமான மாத்திரைகளுக்கும் தனியே பணம் கேட்கப்படலாம். தனியார் கம்பெனிகள் வழியாக மெடிக்கேர் பெறுவோருக்கு இந்த 3 நாள் விதி தளர்த்தப்படுவதும் உண்டு.

எவரைச் சேர்ப்பது, எவரைக் கண்காணிப்பில் வைப்பது என்பதற்கு 2013 அக்டோபர் முதல் 'இரண்டு நள்ளிரவு' விதி வழங்கி வருகிறது. சிகிச்சை இரண்டு நள்ளிரவுகளைக் கடக்கும் என்று வைத்தியர் நியாயமாக எதிர்பார்த்தால் உள்நோயாளி. இல்லையேல் பெரும்பாலும் புறநோயாளி. நோயின் கடுமையைக் கடிகாரத்தால் அளப்பது விந்தையே எனினும், விதி அதுதான்.

இனி நம் பிள்ளைகளின் வேலைக்கு வருவோம். ஆஸ்பத்திரியின் பில்லில் கண்காணிப்பு மணிக்கணக்கில் எழுதப்படுகிறது. அதன் குறியீடு ஜி 0378. வைத்தியரின் கட்டளைப்படி கண்காணிப்பு தொடங்கிய நேரமே தொடக்கம். குடல் உள்நோக்கிச் சோதனை போன்று, தனக்கென மேற்பார்வை அடங்கிய சோதனை இடையில் நடந்தால் அந்நேரத்தைக் கழித்துவிட வேண்டும். சிகிச்சை முடிந்தபின் வீட்டிற்குச் செல்ல வண்டிக்காகக் காத்திருந்த நேரமும் சேராது. மொத்தம் 8 மணி நிறைந்து, பிற நிபந்தனைகளும் பொருந்தினால் ஆஸ்பத்திரிக்கு ஒரு தொகுப்புத் தொகை கிடைக்கும். குறைந்தால் கண்காணிப்புக்கெனத் தனித்தொகை இல்லை. ஏழேகாலை எட்டாக்கும் ஆசை எங்கே எழக்கூடும் என்பது இதனால் விளங்கும். வைத்தியர் கட்டணத்திற்குரிய பழைய கண்காணிப்புக் குறியீடுகளான 99217 முதல் 99220 வரையும், 99224 முதல் 99226 வரையும் உள்ளவை 2023 ஜனவரி முதல் நீக்கப்பட்டு, உள்நோயாளிக் குறியீடுகளோடு இணைக்கப்பட்டன. பழைய குறிப்பேட்டை வைத்துப் படிப்போர் இதனை மனத்திற் கொள்க.

உள்நோயாளி என்று எழுதப்பட்டவரை, அவர் வெளியேறுமுன் ஆஸ்பத்திரிக் குழு ஆராய்ந்து, வைத்தியர் இசைவுடன் புறநோயாளியாக மாற்றுவதும் உண்டு. பில்லில் அதற்கு 44 என்னும் நிலைக்குறி இடுவர். அங்ஙனம் மாற்றினும், கண்காணிப்புக் கட்டளைக்கு முந்திய மணிகளைப் பின்னோக்கிக் கண்காணிப்பாக எண்ணலாகாது.

நோயாளிகள் பலர் தாம் எந்நிலையில் உள்ளோம் என்பதையே அறியாதிருந்தமையால், 2015-இல் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 24 மணிக்கு மேல் கண்காணிப்புப் பெறும் மெடிக்கேர் நோயாளிக்கு, 36 மணிக்குள் எழுத்து மூலம் அறிவித்து, வாயாலும் விளக்கவேண்டும். 2017 மார்ச்சு முதல் இது நடைமுறையில் உளது. அறிவிப்பு உண்டே தவிர, அதனை எதிர்த்து முறையிட வழியில்லாதிருந்தது. நோயாளிகள் தொடுத்த வழக்கில் 2020-இலும், மேல்முறையீட்டில் 2022-இலும் அவர்களுக்குச் சாதகமான தீர்ப்புக் கிடைத்தது. அதன் பயனாக, உள்நோயாளி நிலையிலிருந்து கண்காணிப்புக்கு மாற்றப்பட்டோர் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே முறையிடும் வழி 2025 பிப்ரவரியில் திறந்தது. முதலிலிருந்தே கண்காணிப்பில் வைக்கப்பட்டவருக்கு இவ்வழி பொருந்தாது. அவர் செய்யக்கூடியது, கட்டிலில் இருக்கும்போதே தம் நிலையை வைத்தியரிடம் வினவி, மாற்ற இடமுண்டா என்று கேட்பதே.

சென்னையில் அமர்ந்திருக்கும் குறியீட்டாளர் அம்மூதாட்டியைக் காண்பதில்லை. ஏட்டை மட்டுமே காண்கிறார். ஏட்டில் கட்டளையோ நேரமோ விடுபட்டிருப்பின், ஊகித்து நிரப்பாமல் ஆஸ்பத்திரிக்கே கேள்வி எழுதி அனுப்பி, விடை வரும்வரை அக்கணக்கை நிறுத்தி வைப்பதே தொழிலின் முறை.