புதுப்பித்த ஆயில் என்ஜினில் எண்ணெய் ஒழுகுகிறதா?

மின் இணைப்பு இல்லாத கிணறுகளிலும், வாய்க்காலிலிருந்து நீர் இறைக்கும் இடங்களிலும் டீசலில் ஓடும் ஆயில் என்ஜினே விவசாயிக்குத் துணை. அதைப் பிரித்து, லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டுப் பூட்டிய பிறகு, என்ஜின் நன்றாக ஓடினாலும் அடியில் எண்ணெய் ஒழுகுவது உண்டு. “போகப் போகச் சரியாகிவிடும்” என்று பலர் விட்டுவிடுகின்றனர். வேறு சிலர், இடத்தைக் கூடப் பார்க்காமல் ஆயில் சீலை மாற்றச் சொல்கின்றனர். இவ்விரண்டும் சரியல்ல.

ஐந்து விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் மணிக்கு 720 சொட்டுகள். இது ஏறத்தாழ 25 முதல் 35 மில்லி லிட்டர். நாள்தோறும் 8 மணி நேரம் இறைத்தால் நான்கைந்து நாட்களில் ஒரு லிட்டர் போய்விடும். ஐந்து குதிரைத் திறன் என்ஜினின் தொட்டி கொள்வதே சில லிட்டர்தான். இரவுப் பாய்ச்சலில் எண்ணெய் மட்டம் இறங்கியதைக் கவனியாமல் ஓட்டினால் பேரிங் தீய்ந்து, கிராங்க் ஷாஃப்டும் கெட்டுவிடும். பழுது பார்த்த செலவு வீணாவதோடு, தண்ணீர் தேவைப்படும் தருணத்தில் பயிரும் காய நேரிடும்.

ஒழுகுவது எது?

முதலில் ஒழுகுவது மசகு எண்ணெயா, டீசலா என்று பார்க்க வேண்டும். டீசல் நீர்த்திருக்கும், வாசனையும் வேறு. டீசல் பம்ப், நாசில், குழாய் இணைப்பு ஆகியவற்றிலிருந்து டீசல் கசிந்து, என்ஜின் மேல் உள்ள அழுக்கையும் சேர்த்துக்கொண்டு கறுப்பாக இறங்குவதால் எண்ணெய் போலத் தோன்றும். ஊற்றாமலே அளவுக் குச்சியில் மட்டம் உயர்ந்து, எண்ணெயில் டீசல் வாசனை வந்தால் டீசல் உள்ளே இறங்குகிறது என்று பொருள். அத்தகைய என்ஜினை ஓட்டக் கூடாது. காரணத்தைச் சரிசெய்து, எண்ணெயை முழுவதும் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும்.

எண்ணெய் மட்டம் மேல் கோட்டுக்கு மிகாமலும் இருக்க வேண்டும். அதிகமாக ஊற்றினாலும் எண்ணெய் வெளியே தள்ளும். என்ஜின் சாய்ந்து நின்றால் குச்சி தவறான அளவைக் காட்டும்.

கசியும் இடத்தைக் கண்டுபிடித்தல்

எண்ணெய் சொட்டும் இடம் வேறு. கசியும் இடம் வேறு. மேலே வால்வு மூடியில் கசியும் எண்ணெய் சுவர் வழியே இறங்கி அடியில் சொட்டும். பிளைவீல் அருகே கசிந்தால் சுழற்சியில் வீசப்பட்டு எங்கும் தெறிக்கும்.

எனவே, என்ஜினை நிறுத்தி, ஆறிய பின், வெளிப்புறம் முழுவதையும் மண்ணெண்ணெயால் கழுவித் துணியால் உலரத் துடைக்க வேண்டும். பிறகு இணைப்புகளின் மேல் முகப்பவுடர் அல்லது சாக்குக்கட்டிப் பொடியைத் தூவி, பத்து நிமிடம் ஓட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். பொடி நனைந்த இடங்களுள் மிக உயரத்தில் உள்ளதே கசிவின் பிறப்பிடம். என்ஜின் ஓடும்போது பிளைவீல், பெல்ட் அருகே கையையோ துணியையோ கொண்டுபோகக் கூடாது. வேட்டி, துண்டின் நுனி தொங்காமல் கட்டிக்கொள்ள வேண்டும்.

முதலில் பிரீதரைப் பாருங்கள்

பல இடங்களில் ஒரே சமயத்தில் கசிந்தாலும், புதிய சீல் போட்டும் கசிவு நிற்காவிட்டாலும் குற்றம் சீலில் இல்லை. உள்ளே காற்றழுத்தம் கூடியிருக்கிறது என்று கொள்ளலாம்.

பிஸ்டன் கீழிறங்கும்போது கிராங்க் கேஸில் உள்ள காற்று நெருக்கப்படுகிறது. அதை வெளியேற்றுவதே பிரீதரின் வேலை. பல ஒற்றைச் சிலிண்டர் என்ஜின்களில் இதனுள் ஒரு மெல்லிய தகடு வால்வாக அமைந்துள்ளது. காற்றை இது வெளியே விடும்; உள்ளே விடாது. இதனால் உள்ளழுத்தம் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாக இருந்து எண்ணெயை உள்ளேயே நிறுத்துகிறது. பழுது பார்க்கும்போது பிரீதரின் மேல் பெயிண்ட் அடித்து அடைத்துவிடுவதும், தகட்டைத் தலைகீழாகப் பூட்டுவதும், போட மறப்பதும் உண்டு. பிரீதரைக் கழற்றி, கழுவி உலர்த்தி, வாயால் ஊதிப் பார்க்கலாம். தகடு வால்வு உள்ள பிரீதரில் உட்புறத்திலிருந்து ஊதினால் காற்று போக வேண்டும். வெளிப்புறத்திலிருந்து ஊதினால் போகக் கூடாது.

பிரீதர் நன்றாக இருந்தும் அதன் வழியே புகை விடாமல் வந்தால், எரிந்த வாயு ரிங்கைத் தாண்டி இறங்குகிறது. புதிய ரிங் லைனருடன் படிந்து வரச் சில பத்து மணி நேரம் ஆகும். பளு இல்லாமல் நெடுநேரம் ஓட்டினால் படியாது. அதன் பின்னும் குறையாவிட்டால், ரிங் வாய்கள் ஒரே நேராக வந்துள்ளனவா, ரிங் அளவு சரியா, லைனரில் கீறல் உண்டா என்று மெக்கானிக் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பேக்கிங்கும் சீலும்

பேக்கிங் வைக்கும் பரப்பில் பழைய துணுக்கு சிறிதும் இருக்கக் கூடாது. எஃகு அளவுகோலை நிறுத்தி வைத்துப் பார்த்தால் பரப்பில் பள்ளம் தெரியும். தகட்டு மூடிகளை மிகையாக முறுக்கினால் வளைந்து மேலும் கசியும். போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்க வேண்டும். பசையை அதிகம் பூசினால் உட்புறம் பிதுங்கி எண்ணெய்த் துளையை அடைத்துவிடும்.

கசிவை நிறுத்த இரண்டு பேக்கிங் சேர்த்து வைப்பதும் ஆபத்தே. பல ஒற்றைச் சிலிண்டர் என்ஜின்களில் பேரிங் மூடியின் கீழுள்ள பேக்கிங்கின் கனமே கிராங்க் ஷாஃப்டின் பக்கவாட்டு ஆட்டத்தை நிர்ணயிக்கிறது. கனம் மாறினால் அந்த அளவும் கெடும். எண்ணெய்க் குழாய் இணைப்பில் உள்ள செம்பு வாஷரைத் திரும்பப் போடுவதானால், சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தி, கசடு நீக்கிப் போட வேண்டும். செம்பு மீண்டும் மென்மையாகி நன்கு படியும்.

ஆயில் சீலின் ஸ்பிரிங் உள்ள உதடு எண்ணெய்ப் பக்கம் நோக்கியிருக்க வேண்டும். உதட்டில் எண்ணெய் தடவி, சாவிப் பள்ளத்தின் மேல் மெல்லிய தாளைச் சுற்றிக்கொண்டு ஏற்றினால் உதடு கிழியாது. பழைய சீல் உராய்ந்த இடத்தில் ஷாஃப்டில் நகத்தில் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் புதிய சீலும் பிடிக்காது. சீலைச் சற்றுத் தள்ளிப் பொருத்த இடமிருந்தால் அவ்வாறு செய்யலாம். இல்லையேல் லேத் பட்டறையில் ஸ்லீவ் போட வேண்டும்.

கசிவு நின்ற பிறகும் முதல் சில நாட்கள், என்ஜினை ஓட்டுமுன் ஒவ்வொரு முறையும் எண்ணெய் மட்டத்தைப் பார்த்துக் குறித்து வைத்தல் நலம். வழிந்த எண்ணெய் கிணற்றிலோ வாய்க்காலிலோ கலவாதபடி மரத்தூள் போட்டு உறிஞ்சி அள்ளிவிட வேண்டும். பழுது பார்த்த என்ஜினை ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்துவரும் முன், அங்கேயே ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லி, பிரீதரையும் அடிப்பாகத்தையும் விவசாயிகள் நேரில் பார்த்துக்கொண்டால் இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.