இடியும் வானொலிக் கோபுரமும்

பருவக்காற்றுகள் மாறுகின்ற சித்திரை, ஐப்பசி மாதங்களில் நம் நாட்டிலே பிற்பகல் வேளைகளில் இடிமின்னல் மிகுதி. அப்பொழுது வானொலிப் பெட்டியிற் கரகரவென்னும் ஓசை எழுவதை நேயர்கள் அறிவீர்கள். வீட்டிலிருக்கும் நமக்கு அது வெறும் இரைச்சல். வெட்டவெளியில் உயர்ந்து நிற்கும் ஒலிபரப்புக் கோபுரமோ மின்னலை நேரே ஏற்கவேண்டியிருக்கின்றது. அஃது எவ்வாறு தப்புகின்றது?

இடிதாங்கி மின்னலை விரட்டிவிடும் என எண்ணுவோர் பலர். அது பிழை. மின்னலுக்கு நிலத்தை நோக்கி இலகுவானதொரு வழியைக் காட்டுவதே அதன் தொழில். மத்திய அலைக் கோபுரம் தானே வான்கம்பியாகத் தொழிற்படுவதால், பெரும்பாலும் பீங்கான் காவலியின் மீது நிற்கும். காவலியின் அருகே இரண்டு உலோகக் குண்டுகள் சிறு இடைவெளிவிட்டுப் பொருத்தப்பட்டிருக்கும். ஒலிபரப்பு மின்சாரம் அவ்விடைவெளியைத் தாண்டாது. மின்னலோ அதனைத் தாண்டி நிலத்தினுட் சென்றுவிடும். நிலையத்திலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் கடத்தியையும் ஓரிரு சுற்றாக வளைத்திருப்பர். சடுதியாக எழும் மின்னோட்டத்தை அவ்வளைவு தடுத்துக் குண்டுகளின் பக்கம் திருப்புகின்றது.

நிலத்தை அடைந்ததும் ஆபத்து ஒழிந்துவிடுவதில்லை. 30,000 அம்பியர் மின்னோட்டம் 10 ஓம் தடையுள்ள நிலத்தில் இறங்கினால், அவ்விடத்து மின்னழுத்தம் 300,000 உவோற்று உயரும். கோபுரத்துக்கும் மின்வழங்கலுக்கும் தனித்தனியே புவித்தொடுப்பு இருக்குமாயின், ஒன்று இவ்வளவு உயர, மற்றது தாழ்ந்தே நிற்கும். அவ்வேறுபாடு இடையிலுள்ள கருவிகளினூடே பாய்ந்து அவற்றை எரிக்கும். ஆதலால், புவித்தொடுப்புகள் யாவற்றையும் அகன்ற செப்புப் பட்டிகளால் ஒன்றாக இணைக்கின்றனர். மின்கம்பியில் அமர்ந்த காகத்தின் இரு கால்களும் ஏறக்குறைய ஒரே அழுத்தத்தில் இருப்பதால் அதற்குத் தீங்கில்லை. கருவிகளின் பாதுகாப்பும் அத்தகையதே.

வீட்டுக்கும் இவ்விதி பொருந்தும். தொலைவில் விழும் மின்னலும் மின்கம்பி வழியாகவோ கூரைமேலுள்ள வான்கம்பி வழியாகவோ உள்ளே வரலாம். ஆளியை நிறுத்தினாற் போதாது. ஆளியின் சிறு இடைவெளி மின்னலுக்கு ஒரு பொருட்டன்று. மின்செருகியையும் வான்கம்பியையும் கழற்றிவிடுதல் வேண்டும்.

இதனை முகில் கறுக்கும்போதே செய்துவிடுங்கள். ஒளிக்கும் ஒலிக்கும் இடையே 9 செக்கன் சென்றால், மின்னல் ஏறக்குறைய 3 கிலோமீற்றருக்கு அப்பால் விழுந்தது என்பது பொருள். அடுத்தது உங்கள் வளவிலேயே விழலாம். இடி கேட்ட பின்னர் செருகியைத் தொடவே வேண்டாம். பெட்டி பழுதானால் திருத்திக்கொள்ளலாம். அதனைக் காக்கச் சென்ற கையைத் திருத்துவார் எவருமிலர்.