சுழல்வட்டு நாணயத் தொலைபேசியும் அதனைச் செப்பனிடும் முறையும்

பழம்பொருள்களைப் போற்றுதல் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் ஏட்டுச்சுவடியுமே நம் நினைவுக்கு வருகின்றன. நேற்றுவரை நம்மோடு வாழ்ந்து, இன்று கண்ணினின்று மறைந்துவிட்ட கருவிகளை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அத்தகைய கருவிகளுள் ஒன்று, காசு போட்டு வட்டைச் சுழற்றிப் பேசும் பொதுத் தொலைபேசியாகும்.

பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தைச் சார்ந்த பாகான் டாலாம் தமிழர் நெடுங்காலமாக வாழ்ந்துவரும் ஊர். துறைமுகத்தையும் இருப்புப் பாதையையும் நம்பி இங்குக் குடியேறியோர் பலர். வீட்டுத் தொலைபேசி வசதியுடையோர்க்கே உரியதாயிருந்த நாள்களில், இத்தகைய ஊர்களில் வாழ்ந்தோர்க்கு அவசரச் செய்தி சொல்லப் பொதுத் தொலைபேசியே துணை நின்றது. அதனைக் கட்டிக் காத்த தொலைத்தொடர்புத் துறையிலும் தமிழர் பலர் பணிபுரிந்தனர். ஆகவே இக்கருவியின் வரலாறு நமக்குப் புறம்பானதன்று.

தோற்றம்

காசு போட்டுப் பேசும் தொலைபேசிக்கு அமெரிக்கராகிய வில்லியம் கிரே 1889-இல் காப்புரிமை பெற்றார். இணைப்பைக் கையால் தராமல் பொறியே தரும் முறைக்கு ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891-இல் காப்புரிமை பெற்றார். இவர் பிணச் சடங்குகளுக்குப் பொருள் தரும் தொழிலினர். தமக்கு வரவேண்டிய அழைப்புகள் தம் போட்டியாளருக்குத் திருப்பப்படுகின்றன என்ற ஐயமே அவரை இம்முயற்சியில் தூண்டியது என்று கூறுவர். விரல் நுழைத்துச் சுழற்றும் வட்டு அதன்பின் சில ஆண்டுகளில் அவருடைய குழுவினரால் உருவாக்கப்பட்டது.

பிரிட்டனில் 1925 முதல் ‘ஏ’ பொத்தான், ‘பி’ பொத்தான் என இரண்டு பொத்தான்களையுடைய நாணயப் பெட்டி வழக்கிற்கு வந்தது. பேசுவோர் முதலில் காசு இடுவர். பிறகு எண்ணைச் சுழற்றுவர். மறுமுனையில் குரல் கேட்டதும் ‘ஏ’ பொத்தானை அழுத்தினால் காசு பெட்டிக்குள் விழும். அதன் பின்னரே இவர் குரல் அவருக்குக் கேட்கும். விடை வராவிடின் ‘பி’ பொத்தானை அழுத்திக் காசைத் திரும்பப் பெறலாம். வெவ்வேறு காசுகள் வெவ்வேறு மணிகளில் மோதி ஒலிக்கும். நெடுந்தொலைவு அழைப்புகளில் இணைப்பாளர் அவ்வொலியைக் கேட்டே எவ்வளவு காசு விழுந்தது என்று கணக்கிட்டனர்.

வட்டு எண்ணும் விதம்

வட்டைச் சுழற்றும்போது எண் போவதில்லை. விட்டபின் அது திரும்பும்போதே போகிறது. சுழற்றும் விரல் உள்ளிருக்கும் வில்சுருளை முறுக்குகிறது. விரலை எடுத்ததும் சுருள் தளர்ந்து வட்டைத் திருப்புகிறது. அப்போது ஒரு தொடுமுனை திறந்து மூடி மின்னோட்டத்தை வெட்டுகிறது. 3 என்றால் மூன்று வெட்டு. 0 என்றால் பத்து வெட்டு. விநாடிக்குப் பத்து வெட்டு என்பது அளவு. ஒவ்வொரு வெட்டிலும் மின்னோட்டம் நிற்கும் நேரம் ஓடும் நேரத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. இவ்வெட்டுகளை எண்ணியே இணைப்பகத்துப் பொறி படிப்படியாக நகர்ந்து உரிய தடத்தை அடைகிறது.

ஆபத்துக்கு அழைக்கும் 999 என்ற எண்ணும் இந்த வட்டோடு தொடர்புடையது. 1937-இல் லண்டனில் அது தொடங்கியபோது, நாணயப் பெட்டிகளில் 0 என்ற எண்ணைக் காசின்றிச் சுழற்ற ஏற்கெனவே வழி இருந்தது. அதற்கு அடுத்த 9-க்கும் அவ்வசதியைச் சிறு மாற்றத்தாலேயே தர இயன்றது. வட்டு மறைந்த பின்னரும் மலேசியாவில் அவ்வெண் வழங்கிவருகிறது.

பழுதும் பரிகாரமும்

கடலோர ஊரின் ஈரமும் உப்புக் காற்றும் இக்கருவிக்குப் பெரும் பகை. பித்தளையில் களிம்பு ஏறும். நூல் சுற்றிய கம்பி இற்றுப்போகும். பேசும் வாயிலுள்ள கரித்தூள் ஈரத்தால் கட்டிபட்டுக் குரல் மங்கும்.

செப்பனிடுவோர் முதலில் செய்ய வேண்டியது பிரிப்பதன்று, பார்ப்பது. எந்தக் கம்பி எங்கே சேர்கிறது என்பதைப் படமெடுத்துக் குறித்துக்கொண்ட பின்னரே திருகாணியில் கை வைத்தல் வேண்டும். வட்டு மெதுவாகத் திரும்பினால் வெட்டுகளின் வேகம் தவறித் தவறான எண்ணுக்கு அழைப்புப் போகும். பெரும்பாலும் பழைய எண்ணெய் பிசினாக இறுகியதே இதற்குக் காரணம். அதைத் துடைத்து, கடிகார எண்ணெய் ஒரு சிறு துளி இட்டாற் போதும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் உறுப்பின் உராயும் பரப்பில் எண்ணெய் படலாகாது. தொடுமுனைகளை உப்புத்தாளால் தேய்த்தல் தவறு. தடித்த காகிதத் துண்டை இடையே செருகி இழுத்தாலே அழுக்கு நீங்கும்.

உடலாகிய பேக்கலைட்டை நீரில் ஊறவைத்தல் கூடாது; மெழுகிட்டு மெருகேற்றலாம். சில பழைய வார்ப்புகளில் கல்நார் கலந்திருத்தல் கூடுமாதலால், அதனைச் சுரண்டித் தூளாக்குதல் உடலுக்குக் கேடு.

நாணயப் பகுதி காசின் அளவையும் எடையையும் கொண்டு இயங்குவது. மலாயா காலத்துச் சென்ட்டும், 1967-இல் வந்த சென்னும், 2012-இல் வெளிவந்த மூன்றாம் வரிசை நாணயமும் ஒன்றல்ல. இன்றைய காசுக்காகப் பழைய துளையை அராவுவதைவிட அக்காலக் காசுகள் சிலவற்றைத் தேடி வைத்துக்கொள்வதே நன்று. இன்றைய தடங்கள் பலவும் வட்டின் வெட்டுகளை ஏற்பதில்லை. அவற்றை ஒலிக்குறியாக மாற்றும் சிறு கருவியை வெளியே இணைத்துக்கொண்டால் பழைய கம்பி எதையும் அறுக்க வேண்டுவதில்லை.

எது செப்பம்?

இங்கே எழுவது கைத்திறன் பற்றிய வினா மட்டுமன்று. பழைய பெட்டியை வாங்கி, உள்ளுறுப்புகளைக் களைந்து எறிந்து, பளபளக்கும் வண்ணம் பூசி விளக்காகவோ அலங்காரமாகவோ வைப்போர் உண்டு. பார்வைக்கு அது புதிது. ஆயின் அறிவுக்கு அது வெறுங்கூடு.

1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடம் கண்டார். சிதைந்த இடத்தைத் தம் கற்பனையால் நிரப்பவில்லை. அந்நெறி பொறிக்கும் பொருந்தும். உள்ளதைக் காத்தல், இல்லாததை அதே வகை உறுப்பால் நிரப்புதல், நிரப்பியது இன்னதென்று எழுதி வைத்தல் ஆகிய மூன்றுமே செப்பம் எனத் தகும்.

கோலாலம்பூரில் 1928-ஆம் ஆண்டு எழுந்த பழைய தொலைபேசி இணைப்பகக் கட்டடம் தொலைத்தொடர்பு அரும்பொருளகமாகியது. கருவிகளுக்கு அத்தகைய இடம் கிட்டலாம். அவற்றைக் கையாண்டோரின் சொற்களுக்கு இடம் எது? வட்டு, தொடுமுனை, கரித்தூள் ஆகியவற்றை அக்காலத் தமிழ்த் தொழிலாளர் எப்பெயரிட்டு வழங்கினர் என்பதை முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தல் தமிழாசிரியர் தம் மாணவர்க்குத் தரத்தக்க நல்ல பயிற்சியாகும். உறுப்பு தேய்ந்தால் மாற்றுறுப்புத் தேடிக்கொள்ளலாம். சொல் மறைந்தால் அதனை மீட்டுத் தருவார் இலர்.