கடனும் கணக்கும் – 12: ஸ்கோர் விழுந்த பிறகு ஒரு கார்டு

தவணை நின்றுபோனவர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. 2020 ஊரடங்கில் வேலை போனவர்கள், வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்ததால் பணம் புரட்ட முடியாதவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் மறுபடி ஒரு கார்டு கேட்டால் வங்கி கை விரிக்கிறது. இங்கில்லாவிட்டால் அங்கே என்று ஒரே மாதத்தில் நான்கைந்து வங்கிகளில் விண்ணப்பம் போடுகிறார்கள். அதுதான் ஆபத்து. ஒவ்வொரு விண்ணப்பமும் சிபில் அறிக்கையில் பதிவாகும். பணத்துக்கு அலைகிற ஆள் என்று அடுத்த வங்கி எடுத்துக்கொள்ளும். ஸ்கோரும் இன்னும் இறங்கும்.

முதலில் அறிக்கையை வாங்கிப் படியுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. கட்டி முடித்த கடன் நிலுவை என்றே நிற்கலாம். முன்பின் தெரியாத கடன் உங்கள் பெயரில் ஏறியிருக்கலாம். புகார் கொடுத்து 30 நாளில் தீராவிட்டால், அதற்குப்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். காசு கொடுத்தால் ஸ்கோரை ஏற்றித் தருகிறேன் என்பவரிடம் தயவுசெய்து போகாதீர்கள். தவறான பதிவைத் திருத்தக் காசு வேண்டாம். சரியான பதிவை அவராலும் அழிக்க முடியாது.

பதிவெல்லாம் சரிதான் என்றால், எஃப்.டி.யின் பேரில் தரும் கார்டைத்தான் நான் சொல்வேன். எஸ்.பி.ஐ. கார்டின் உன்னதி, ஐ.டி.எஃப்.சி. ஃபர்ஸ்டின் வாவ் ஆகியவை இந்த வகை. டெபாசிட்டே ஈடாக இருப்பதால் ஸ்கோரை வங்கி பெரிதாகப் பார்ப்பதில்லை. டெபாசிட்டுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கார்டு இருக்கும்வரை அதை உடைக்க முடியாது. நாள் தவறாமல் கட்டும் ஒவ்வொரு பில்லும் மற்ற கார்டுகளைப் போலவே அறிக்கையில் ஏறும்.

தேர்ந்தெடுக்கும்போது ரிவார்டு பாயின்ட்டை மறந்துவிடுங்கள். ஆண்டுக் கட்டணம் உண்டா, டெபாசிட்டில் எத்தனை சதவீதம் லிமிட் தருகிறார்கள், பாக்கி வைத்தால் மாத வட்டி என்ன என்ற மூன்றையும் கேளுங்கள். மூன்றாவதுதான் குடும்பங்களைக் கவிழ்ப்பது. பல கார்டுகளில் அது மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 20,000 ரூபாய் பில்லுக்கு மினிமம் டியூ என்று 1,000 மட்டும் கட்டினால், மிச்சம் 19,000 ரூபாய்க்கு மாதம் 665 ரூபாய் வட்டி, அதன்மேல் ஜி.எஸ்.டி. புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. எஃப்.டி.க்கு உங்களுக்குக் கிடைப்பதோ ஆண்டுக்கு 6, 7 சதவீதம். அதே பணத்தை ஈடு வைத்து வாங்கிய கடனுக்கு நீங்கள் கட்டுவது 40-க்கும் மேல்! கட்டாமலே விட்டால் டெபாசிட்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள், ஸ்கோரும் போகும்.

ஆகவே 25,000 லிமிட் என்றால் 7,500-க்குள் நிறுத்துங்கள். கேஸ் சிலிண்டர், ரீசார்ஜ் போதும். ஏ.டி.எம்.மில் அந்தக் கார்டைச் செருகவே வேண்டாம்; அதற்கு வட்டியில்லா நாட்களே கிடையாது. முழுத்தொகைக்கும் ஆட்டோ டெபிட் போட்டுவிடுங்கள். பழைய கடன் ‘செட்டில்டு’ என்று நின்றால், தள்ளுபடியான தொகையைக் கட்டிவிட்டு, பாக்கியில்லை என்ற கடிதத்தை வாங்கி, பதிவை மாற்றச் சொல்லி வங்கியிடம் எழுதிக் கேளுங்கள். ஓராண்டு இப்படி ஓட்டிவிட்டு அறிக்கையை மறுபடி பாருங்கள். டெபாசிட் இல்லாத கார்டுக்கு, அதுவும் ஒரே ஒரு வங்கியில், அப்போது விண்ணப்பிக்கலாம்.

(தொடரும்)