நெஞ்சறை ரகசியம் – 17: ஆறாவது குரோமோசோமில் ஓர் எழுத்து

சென்ற வாரம் பரம்பரைக் கொலஸ்ட்ரால் பற்றிப் பேசியபோது ஒரு கணக்குச் சொன்னேன். சிகிச்சை எடுக்காவிட்டால் ஆண்களில் பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இதயக் குழாய் நோய் வந்துவிடும். பெண்களிலோ 60 வயதுக்குள் 30 சதவீதம் பேருக்கு. ஒரே மரபணுப் பழுதுதான், பெண்ணுக்கு மட்டும் பத்து வருடத் தவணை. இந்த வாரம் பார்க்கப்போகும் நோய்க்கு அந்தத் தவணையெல்லாம் தெரியாது.

1931இல் ஹெச்.சி.ப்ரெட்டி என்ற மருத்துவர், 42 வயதுப் பெண் ஒருவரின் மரணத்தைப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியின் சுவர் உள்ளுக்குள்ளேயே பிளந்திருந்தது. மழைக்காலத்தில் ஓதம் ஏறிய சுவரில் பூச்சு உப்பிக்கொண்டு வருமே, ஏறக்குறைய அப்படி. சுவரின் அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் புகுந்து, உள் அடுக்கைத் தள்ளி, வழியை நெருக்கிவிடுகிறது. இதற்குக் கொழுப்புப் படியவேண்டிய அவசியமே இல்லை. இன்றைய மருத்துவர்கள் சுருக்கமாக ‘ஸ்கேட்’ என்கிறார்கள்.

இது வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். பெரும்பாலும் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருப்பவர்கள். பலருக்குச் சர்க்கரையும் இருக்காது, கொலஸ்ட்ராலும் இருக்காது. சிலர் கைக்குழந்தைக்காரிகள், பிள்ளைப்பேற்றை ஒட்டி வரும் மாரடைப்புக்கு முதல் காரணமே இதுதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், “கேஸா இருக்கும், கொஞ்சம் ஓமத்தண்ணி குடி” என்று நாம் சொல்லிவிடுவது இப்படிப்பட்டவர்களிடம்தான்.

மரபணுவுக்கு வருவோம். ஆறாவது குரோமோசோமில் ‘ஃபாக்டர்-1’ என்று ஒன்று இருக்கிறது. (ரத்த உறைவுக் காரணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பெயர்தான் குழப்புகிறது.) அதில் ஓர் இடத்தில் சிலருக்கு ‘ஏ’ என்ற எழுத்து, சிலருக்கு ‘ஜி’. ‘ஜி’ இருந்தால் வழக்கமான கொழுப்பு அடைப்புக்கு வாய்ப்புக் கூடுதல். அப்படியானால் ‘ஏ’ நல்ல எழுத்து என்றுதானே நினைப்போம்?

2019இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டேவிட் ஆட்லமும் அவருடைய கூட்டாளிகளும் ஸ்கேட் நோயாளிகளின் மரபணுவைத் துருவினார்கள். அகப்பட்டது அந்த ‘ஏ’தான்! ஒரு பிரதி கூடினால் ஸ்கேட் வாய்ப்பு ஏறக்குறைய 1.7 மடங்கு. மைக்ரேன் தலைவலியோடும் கழுத்துத் தமனிப் பிளவோடும் இதே ‘ஏ’வுக்குத் தொடர்பு இருப்பது முன்பே தெரிந்திருந்தது.

எனக்கு வியப்பு இதில் இல்லை. அந்த எழுத்து எக்ஸிலும் இல்லை, ஒய்யிலும் இல்லை. மகனுக்கும் மகளுக்கும் பேதமில்லாமல் போவது. ஆண்களிடமும் அதே ‘ஏ’ தாராளமாக இருக்கிறது. இருந்தும் பிளப்பது பெரும்பாலும் பெண்ணின் தமனி. ஹார்மோன்மீதும் கர்ப்பகால மாற்றங்கள்மீதும் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. குற்றப்பத்திரிகை இன்னும் தாக்கலாகவில்லை.

சிகிச்சையும் வேறு. வழக்கமான மாரடைப்பு என்றால் பலூனை ஊதி ஸ்டென்ட் வைத்துவிடுவார்கள். இங்கே உள்ளே போகும் கம்பியே பிளவை நீட்டிவிடலாம். ரத்தம் ஓடிக்கொண்டிருந்து நோயாளியும் நிலையாக இருந்தால், கைவைக்காமல் கண்காணிப்பதே பெரும்பாலும் வழி. சில வாரங்களில், சில மாதங்களில் சுவர் தானே ஒட்டிக்கொண்டுவிடும், பெரும்பாலானவர்களுக்கு.

அடுத்த வாரம்: வயதாக ஆக ஆண்களின் ரத்த அணுக்கள் தொலைத்துவிடும் ஒய் குரோமோசோம்.

(தொடரும்)