புயல் எடுத்த படகும் பட்டியலில் இல்லாத பறியும்

ஐப்பசியில் வாடை எழுந்தால் பழவேற்காட்டுக் குப்பங்களில் எல்லார் கண்ணும் முகத்துவாரத்தின் மேல்தான். கடலோர நீரோட்டம் சேர்க்கும் மணல், ஏரியும் கடலும் கலக்கும் அந்த வாயைத் தூர்த்துவிடும். அது அடைபட்ட நேரம் பெருமழை பிடித்தால், ஆரணி ஆற்று வெள்ளம் கடலுக்கு வடிய வழியின்றி ஏரியிலேயே ஏறித் தெருவுக்குள் வரும். உப்பு குறைந்த ஏரியில் இறாலும் நண்டும் முன்போல் படாது. காற்று அடங்கிய பிறகும் வாரக்கணக்கில் அடுப்பு சுருங்குவது இதனால்தான்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் இந்தக் கரையை ஒட்டியே மெல்ல ஊர்ந்தது. கரை கடந்தது 5ஆம் தேதி, ஆந்திரத்தின் பாபட்லா அருகே. 'புயல் ஆந்திராவுக்குப் போகிறது' என்ற செய்தியைக் கேட்டுப் படகை அவிழ்ப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டில் 1, 2 என்றால் புயல் தொலைவில். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

மிக்ஜாமுக்குப் பிறகு தமிழக அரசு நிவாரணத்தை உயர்த்தியது. முழுதும் சேதமான கட்டுமரத்துக்கு வலையோடு சேர்த்து 50,000 ரூபாய், வல்லத்துக்கு 1 லட்சம், சேதமான வலைக்கு 15,000. அது அந்தப் புயலுக்கான அறிவிப்பு. அடுத்த புயலுக்கு எவ்வளவு என்பதை அப்போதைய அரசாணைதான் சொல்லும். எந்தத் தொகையானாலும் கணக்கெடுப்புக்கு வருபவர் கேட்பது படகின் பதிவுச் சான்றையும் உரிமையாளர் பெயரையும்தான். அப்பா பெயரிலேயே கிடக்கும் படகு, இன்னொருவருக்கு விற்றும் மாற்றாத பதிவு, இவையெல்லாம் அந்த நாளில்தான் கழுத்தைப் பிடிக்கும். ஆவணியிலேயே பொன்னேரி மீன்வளத்துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வந்துவிடுங்கள். படகையும் வலையையும் எண் தெரியப் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் கைபேசிக்கும் அனுப்பி வையுங்கள். உடைந்த படகைச் செப்பனிடும் முன் மறுபடி ஒரு படம்.

மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் மரணத்துக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய். பிரீமியத்தை அரசுகளே கட்டுகின்றன; ஆனால் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால், மத்திய, மாநில அரசுகள் 3,000 சேர்த்து மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ஆகத் தருகின்றன. இதற்குக் கூட்டுறவுச் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும்.

என் மனதை அறுப்பது வேறொன்று. இந்த ஏரியில் இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, பறி என்னும் கூடையை வாயில் கவ்விக்கொண்டு, கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். அவர்களுக்குப் படகு இல்லை, வலை இல்லை. புயல் பிடுங்கியது அவர்களின் வேலை நாட்களை. சேதப் பட்டியலில் அதற்கு ஒரு வரியும் கிடையாது. கூடையில் மீன் விற்கும் பெண்களின் நிலையும் அதுவே. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

கேட்க வழி இருக்கிறது. அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய இரு கிராம சபைகளும் வாடைக் காலத்தின் வாசலிலேயே வருகின்றன. கையால் இறால் பிடிப்போர், கூடையில் மீன் விற்போர் பெயர்களை எழுதி, வேலை இழப்புக்கும் நிவாரணம் வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள், நகல் வாங்குங்கள். புயல் நேர அவசரத்துக்கு மாவட்ட எண் 1077, மாநில எண் 1070, கடலில் சிக்கினால் கடலோரக் காவல்படை 1554. கணக்கெடுப்பில் பெயர் விட்டுப்போனால் திங்கட்கிழமை திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு இல்லாமல் திரும்பாதீர்கள். பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி மனு என்ன ஆனது என்று கேட்கலாம். 30 நாளுக்குள் சொல்லியாக வேண்டும். எழுதத் தெரியாத அக்காவுக்குப் பள்ளி போகும் பிள்ளை எழுதிக் கொடுத்தால் போதும், கைநாட்டு வைத்த மனுவும் மனுதான்.