முதுமையில் மருத்துவக் காப்புறுதி: விடுவதா, வைத்துக்கொள்வதா?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. உடல் நலமாக இருந்தால்தான் ஆலயத்தை வலம் வரலாம், அன்னதானத்தில் கரண்டி பிடிக்கலாம். நம் ஆலயத் தொண்டர்களிலும் நன்கொடையாளர்களிலும் பலர் இன்று அறுபதைக் கடந்தவர்கள். அவர்களுள் சிலர் அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஐயா, காப்புறுதிச் சந்தா ஆண்டுதோறும் ஏறுகிறது. திட்டத்தை விட்டுவிடலாமா?"

நான் காப்புறுதி முகவர் அல்லன். 65 வயதில் இதே கேள்வியைச் சந்தித்தவன். அப்போது விசாரித்து அறிந்ததை அன்பர்களின் நன்மை கருதி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அடித்தளத்தை அறிந்துகொள்வோம். 2015 நவம்பர் 1இல் தொடங்கிய மெடிஷீல்டு லைஃப் திட்டம் சிங்கப்பூர்க் குடிமக்கள், நிரந்தரவாசிகள் அனைவருக்கும் ஆயுள் முழுவதும் உண்டு. முன்பே நோய் இருந்தாலும் விலக்கு இல்லை. சந்தா முழுவதையும் மெடிசேவ் கணக்கிலிருந்தே செலுத்தலாம். முன்னோடித் தலைமுறையினருக்கும் மெர்டேக்கா தலைமுறையினருக்கும் சந்தாவில் கூடுதல் சலுகை உண்டு. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 200,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் இத்திட்டம் அரசாங்க மருத்துவமனைகளின் பி2, சி வகுப்பு வார்டுகளை மனத்தில் கொண்டு அமைந்தது. அதற்கு மேற்பட்ட வார்டிலோ தனியார் மருத்துவமனையிலோ சேர்ந்தால், கட்டணத்தில் ஒரு பகுதியே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

அந்த இடைவெளியை நிரப்புவதே தனியார் நிறுவனங்கள் விற்கும் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டம். இதன் தனியார் பகுதிக்கு மெடிசேவிலிருந்து எடுக்க வரம்பு உண்டு. 41 முதல் 70 வயது வரை ஆண்டுக்கு 600 வெள்ளி, 71 முதல் 900 வெள்ளி. மிச்சத்தை ரொக்கமாகக் கட்ட வேண்டும். இதற்கு மேல் 'ரைடர்' எனப்படும் துணைத் திட்டம் வாங்கினால், அதன் சந்தா முழுவதும் ரொக்கமே. ஓய்வு பெற்றவரின் கை கடிப்பது இங்கேதான்.

ரைடர் எதற்கு? ஓர் உதாரணம் பார்ப்போம். மருத்துவமனைக் கட்டணம் 20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நாமே ஏற்க வேண்டிய முதல் தொகை 3,500 வெள்ளி. மீதி 16,500இல் நம் பங்கு பத்து விழுக்காடு, அதாவது 1,650. ஆக, நம் பொறுப்பு 5,150 வெள்ளி. இதிலும் ஒரு பகுதிக்கு வரம்புக்குட்பட்டு மெடிசேவைப் பயன்படுத்தலாம். இந்தச் சுமையைக் குறைப்பதே ரைடர். ஆனால் 2026 ஏப்ரல் முதல் விற்கப்படும் புதிய ரைடர்கள் அந்த முதல் தொகையின் குறைந்தபட்ச அளவை ஏற்பதில்லை. ஆகவே பழைய ரைடரைக் கைவிடுமுன் நன்கு யோசிக்க வேண்டும்.

என் மூத்த சகோதரிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். சந்தா குறைவு என்று ஒருவர் சொல்லக் கேட்டு வேறு நிறுவனத்துக்கு மாற விண்ணப்பித்தார். அக்காவுக்கு நீரிழிவு உண்டு. அதன் தொடர்பான நோய்களுக்குக் காப்பு இல்லை என்ற நிபந்தனைக் கடிதம் வந்தது. படிக்காமல் கையெழுத்திட்டார். ஒருவருக்கு ஒரே ஒருங்கிணைந்த திட்டம்தான் இருக்க முடியும் என்பதால், புதியது தொடங்கியதும் பழையது முடிந்துவிட்டது. பிறகு கால் புண்ணுக்கு மருத்துவமனை சென்றபோது தனியார் பகுதி கைகொடுக்கவில்லை. மெடிஷீல்டு லைஃப் மட்டுமே காத்தது.

இதிலிருந்து நான் கற்ற பாடங்கள்:

1. நோய் உள்ளவர்கள் நிறுவனம் மாறுமுன் விலக்குகளை எழுத்தில் வாங்கிப் பிள்ளைகளிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள்.

2. சந்தா தாங்கவில்லை என்றால் அதே நிறுவனத்திலேயே கீழ்நிலைத் திட்டத்துக்கு இறங்கலாமா என்று கேளுங்கள். பொதுவாக இறங்குவது எளிது. மறுபடி ஏற வேண்டுமானால் உடல்நல விவரம் கேட்பார்கள்.

3. பி1 வகுப்புக்கான ஸ்டாண்டர்டு திட்டம் 2016 முதல் உண்டு. எல்லா நிறுவனங்களிலும் சலுகைகள் ஒன்றே என்பதால் சந்தாவை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

4. இன்றைய சந்தாவை மட்டும் பாராமல் 75, 85 வயதுக்குரிய சந்தாவையும் அட்டவணையில் பாருங்கள்.

5. பி2, சி வார்டு போதும் என்று மனம் ஒப்புபவர்கள் மெடிஷீல்டு லைஃபோடு நிற்பதில் எந்தக் குறைவும் இல்லை.

நான் என்ன செய்தேன்? தனியார் மருத்துவமனைத் திட்டத்திலிருந்து பி1 திட்டத்துக்கு இறங்கினேன். ரைடரை விட்டேன். மிச்சமாகும் பணத்தை மருத்துவத்துக்கென்றே தனியே சேர்த்து வருகிறேன். இது என் வசதிக்கு ஏற்ற முடிவு. உங்களுடையது வேறாகலாம்.

ஓர் அன்பர், சந்தாப் பணத்தைத் திருப்பணிக்கே கொடுத்துவிடலாம் என்று எண்ணுவதாகச் சொன்னார். அவருடைய பக்தியை வணங்குகிறேன். ஆனால் நம் மருத்துவச் செலவு பிள்ளைகள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்வதும் தருமமே. அதற்குப் பின் எஞ்சுவதை மனநிறைவோடு கொடுப்போம். அன்பர்கள் அனைவரும் நோயற்ற வாழ்வு பெற எல்லாம் வல்ல இறைவன் அருள் புரிவானாக!